நான்கு படிகளும் மூன்று சக்கரமும்

இன்று காலை பூசைக்குச் சந்தனம் இழைக்க உட்கார்ந்தபோது, நேற்று மாலை சைக்கிள் சங்கிலிக்குப் போட்ட எண்ணெயின் வாடை என் விரல்களை விட்டு இன்னும் போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் பயனில்லை. ஈரக் கல்லில் கட்டை சுழன்றதும் இரண்டு மணமும் ஒன்றாய்க் கலந்து எழுந்தன. இறைவன் திருமுன்பில், பதிகத்தின் முதலடி நாவில் நிற்கும் அந்த நேரத்தில், வரவேண்டியவர் வரவில்லை, நீ வந்தாய்.

உயிரோடு இருந்த காலத்திலேயே நீ என்னை நிம்மதியாக வழிபட விட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடியின் கீழே நின்று மணியை அடித்துக்கொண்டு, "சாமி, உங்க சாமி இன்னும் எழுந்திருக்கலயா? வெயில் ஏறுதுலா!" என்று கத்துவாய். நான்காம் மாடியில் விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பவனுக்கு மட்டுமா அது கேட்கும்? கட்டடம் முழுவதும் கேட்கும். போன பிறகாவது அந்த நேரத்தை எனக்கு விட்டுத் தருவாய் என்று நம்பினேன். போனவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். ஆனால் போனவனே பூசை அறைக்குள் வந்து நின்றால், முகத்துக்கு நேரே நாலு வார்த்தை சொல்லலாம் என்றே கொள்கிறேன்.

முதலில் சந்தனத்தைப் பற்றியே பேசிவிடுவோம். அந்தச் சரசுவதி பூசை நாள் உனக்கு நினைவிருக்கும். நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் சைக்கிள்களை எல்லாம் மாடிக்குக் கீழே வரிசையாக நிறுத்தச் சொன்னாய். கருவிகளுக்கு வழிபாடு செய்யும் நாளில் நம்மைச் சுமக்கும் சைக்கிளை விடலாமா என்றாய். அதில் எனக்கும் மறுப்பில்லை. நான் கண்ணை மூடிப் பாடினேன். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது நீ கிண்ணமும் கையுமாகக் கடைசி வண்டியிடம் நின்றிருந்தாய். கைப்பிடிக்கு ஒரு பொட்டு, இருக்கைக்கு ஒரு பொட்டு என்று வைத்திருந்தால் யாருக்கும் கேடில்லை. சக்கரத்தின் நடுவில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று இருக்கிறதே, பிரேக் பிடிப்பதற்கென்றே இருக்கும் அந்தத் தட்டில், முன்னும் பின்னும், வழிய வழியச் சந்தனம் அப்பியிருந்தாய். குங்குமம் நன்றாக ஒட்டட்டும் என்று நல்லெண்ணெய் வேறு.

இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் ஸ்டீபன் பதறிக்கொண்டு வந்தார். "எனக்கு வேணாம்லா, நான் மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குப் போறவன்."

"நீதான் போற. உன் சைக்கிளும் போகுதா?" என்று கேட்டு அவர் வண்டிக்கு மற்றவர்களைவிட இன்னும் ஒரு விரல் கூடுதலாகப் பூசினாய்.

அன்றே டெங்கில் பக்கத்து ஏரிக்குப் போனோம். ஏரிக்கரையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பிரேக்கை அழுத்தினோம். வண்டிகள் கூட்டமாகக் கூவினவே அன்றி ஒன்றும் நிற்கவில்லை. நான் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தேன். நீ காலைத் தரையில் தேய்த்தபடி சிரித்துக்கொண்டே போனாய். ஸ்டீபன் மட்டும் நேராகத் தாமரை இலைகளுக்குள் இறங்கினார். கரையேறிய மனிதர் தொப்பியிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சொன்னாரே: "எங்க சபையில தலையில கொஞ்சமாத் தண்ணி தெளிப்பாங்க, அவ்வளவுதான். உங்க சாமி முழுசா முக்கி எடுத்துருச்சு பிரதர்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இன்றுவரை சிரிக்கவில்லை. எலும்பு முறிந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அதைக் கேட்டதற்கு, "முறியலயே சாமி" என்றாய். உன் தர்க்கம் எப்போதும் அங்கேதான் முடியும். நடந்தது நல்லபடியாக முடிந்தால் அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

அந்தத் தர்க்கத்தோடுதான் நீ ஊருக்கெல்லாம் வழி சொன்னாய். சனிக்கிழமை மாலையானால் எல்லாருடைய கைப்பேசியிலும் உன் குரல் வந்து விழும். "நாளைக்குக் கிள்ளான் ஆத்தோரம். நல்ல சமமான ரோடு. கிட்டத்தான். எல்லாரும் வரலாம்." அடுத்த வாரம் லங்காட் ஆற்றோரம், அதற்கும் அதே குரல், அதே சொற்கள். ஆறு மாறும், ஏரி மாறும், மேடும் பள்ளமும் மாறும். உன் வாக்கியம் மட்டும் மாறாது.

ஏன் உனக்கு எல்லாச் சாலையும் சமமாகத் தோன்றியது என்று நான் வெகுநாள் யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. வாழ்நாள் முழுவதும் செலாயாங் பாசாரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு லோரி ஓட்டியவன் நீ. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகளை எல்லாம் நீ அறிந்தது லோரியின் இருக்கையிலிருந்து. இயந்திரம் ஏறிய மேட்டை நீ உன் கால் ஏறியதாகக் கணக்கில் வைத்துக்கொண்டாய். அந்த நினைவை நம்பி, மூட்டுவலிக்காரர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் மேம்பாலத்தில் ஏற்றினாய்.

நான் சும்மா குறை சொல்பவன் அல்லன். மாற்றும் சொன்னேன். உயிர்களின் பக்குவம் ஒன்றுபோல் இராது. அதனால்தான் நம் சமயம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்து வைத்தது. அவரவர் நிற்கும் படியிலிருந்து அவரவர் ஏறலாம். இதைவிட அருமையான ஏற்பாடு சைக்கிளுக்கு வேறென்ன வேண்டும்? ஏரியைச் சுற்றி நிழலும் கழிப்பறையும் உள்ள சமதரை சரியை. ஆற்றங்கரையில் பாலங்களுக்கு அடியில் புகுந்து புகுந்து எழும் பாதை கிரியை. எதிர்காற்றோடு ஏரிக்கரை மேட்டில் நெடுந்தொலைவு போவது யோகம். ஆறு பிறக்கும் மலைப்பக்கம் நோக்கி ஏறுவது ஞானம். அட்டையில் நிறம் தீட்டிக் கொண்டுவந்து தேநீர்க் கடையில் எல்லாருக்கும் காட்டினேன்.

நீ ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, "அப்ப நான் என்ன கிளாஸ் சாமி?" என்றாய்.

"நீ எந்தப் படியிலயும் இல்ல. தன் அளவு தெரிஞ்சவனுக்குத்தான் படி."

"அப்ப ஞானம் ரூட்ல போனா மோட்சமா?"

ஸ்டீபன் குறுக்கே வந்தார். "முட்டி போயிடும்லா. அதுக்கப்புறம்தான் மோட்சம்."

மேசை முழுவதும் சிரித்தது. என் அட்டையின் மேல் நீ தேநீர்க் குவளையை வைத்தாய். அந்த வட்டக் கறை இன்னும் யோகத்தின் மேல் இருக்கிறது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது கம்போங் மேடானிலிருந்து வந்த அந்த அம்மாளின் விஷயம். முன்கூடை வைத்த பழைய சைக்கிளில், ரப்பர்ச் செருப்போடு, உன் குரலை நம்பிக் கிள்ளான் ஆற்றோரத்துக்கு வந்தார். பாதி வழியில் ஆற்றுப்பாதை அடைபட்டிருந்தது, மேம்பாலத்தில் ஏறவேண்டியதாயிற்று. நடுவில் இறங்கி நின்று மூச்சு வாங்கினார். நீ ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தாய். அதில் உன்னைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பதை நீ கவனித்தாயா? "மன்னிச்சுக்குங்க அண்ணே, எனக்குத்தான் காலு பத்தல" என்றார். பாதை பொய் என்று அவர் சொல்லவில்லை. தன் கால் போதாது என்றார். டாக்சியில் திரும்பிப் போனவர் பிறகு வரவே இல்லை.

அன்று உன்னிடம் கோபமாகச் சொன்னேன். வலியவனுக்குத் தப்பான வழி சொன்னால் அவன் உன்னைத் திட்டுவான். எளியவனுக்குச் சொன்னால் அவன் தன்னையே திட்டிக்கொள்வான். இந்தப் பாவம் சிறியதல்ல. நீ இளநீர்க் கூட்டை உருட்டிக்கொண்டிருந்தாய். நீ திருந்திவிட்டாய் என்று நினைத்தேன். சனிக்கிழமை உன் குரல் வந்தது. "எல்லாரும் வரலாம்."

இப்போது பார்வதியைப் பற்றிச் சொல்லவேண்டும். உன் மனைவியைப் பற்றி உனக்கே நான் சொல்லும்படி வைத்துவிட்டாய்.

டெங்கில் ஏரிக்குப் போகும் நாளிலெல்லாம் சைக்கிள்களை உன் பழைய லோரியின் பின்னால் ஏற்றுவோம். முன்னிருக்கையில் பார்வதி தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருப்பார். ஏரிக்கரையில் நாம் இறங்கி மிதித்துப் போவோம். அக்கரையில், ஒற்றை மழைமரத்தடியில், அவர் கட்டிக்கொடுத்த இடியாப்பத்தைத் தின்று பசியாறுவோம். அவர் இக்கரையில் லோரியின் நிழலில் பழைய பத்திரிகையை விரித்து உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு முறையும், "நான் லோரிகிட்ட இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். ஒவ்வொரு முறையும் நீ, "அடுத்த தடவை நீயும் வரே" என்பாய். அந்த அடுத்த தடவை எத்தனையோ மழைக்காலங்களைக் கடந்தது. பின்பு ஸ்ட்ரோக் வந்து அவருடைய இடப்பக்கம் தளர்ந்தது.

அதற்குப் பிறகாவது அந்த வாக்கை நீ மெல்லக் கைவிட்டிருக்கலாம். உலகம் உன்னைப் பழிக்காது. நீயோ எங்கிருந்தோ ஒரு மூன்று சக்கர சைக்கிளை வாங்கி வந்தாய். தினமும் மாடிக்குக் கீழே சுத்தியல் சத்தம். சாய்ந்து விழக்கூடாது என்று பின் அச்சை வெட்டி ஒட்டி அகலமாக்கினாய். இடக்கால் நழுவாதபடி மிதியில் தோல்வார் வைத்துத் தைத்தாய். பார்வதி கார் நிறுத்தும் இடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். தூணுக்குத் தூண் நீ பக்கத்தில் ஓடினாய். உன் வயதுக்கு அது ஓட்டமா? "ஏரிக்கு அக்கரைல வந்து பசியாறணும். உன் கையால செஞ்சத நீயே அங்க தின்னு பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாய். அதைக் கேட்ட நாங்கள் எல்லாரும் சாட்சி.

பிறகு ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "கொஞ்சம் படுக்கிறேன்" என்றாய். அந்தக் கொஞ்சமும் உன் வழக்கமான அளவுதான்.

காரியங்கள் முடிந்து சில வாரம் சென்றபின் பார்வதி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஏதோ திவசத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அண்ணே, டெங்கில் ஏரிக்கு எப்பப் போறீங்க?"

நான் தயங்கினேன். உடம்பு தேறட்டும் என்றேன். பாதை எப்படி இருக்கிறதோ என்றேன். முதலில் வீட்டுப் பக்கத்திலேயே பழகலாம் என்றேன். நான்கு படிகளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

"அந்த அட்டைய நானும் பார்த்திருக்கேன் அண்ணே. அதுல நான் எந்தப் படி?"

மனதுக்குள் அட்டையை விரித்துப் பார்த்தேன். சரியை என்று நான் வகுத்ததும் இரண்டு கால் வலுவாக உள்ளவனுக்கே. பெரியோர் வகுத்த படிகளில் குறை இல்லை. நான் அவற்றைச் சாலையில் கொண்டுவந்து வைத்தபோது கீழ்ப்படியை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தேன் போலும்.

"உங்க கூட்டாளி எல்லாரும் வரலாம்னாரு. நான் அந்த எல்லார்ல இல்லயா?"

சொன்னவன் நீ. பதில் சொல்ல வேண்டியவன் நான். இது எந்த ஊர் நியாயம்?

போனோம். ஸ்டீபன் உன் லோரியை ஓட்டினார். கியரை மாற்றும்போதெல்லாம் உன்னை ஒரு வார்த்தை திட்டினார். பார்வதி முன்னிருக்கையில் வழக்கம்போல் குடுவையோடு இருந்தார். ஆனால் அன்று அவர் காலில் விளையாட்டுக் காலணி, தலையில் உன்னுடைய தலைக்கவசம். உன் தலை பெரிது. அது அவர் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. ஏரிக்கரையில் வண்டியை இறக்கினோம். அவர் ஏறி உட்கார்ந்து, தோல்வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிதிக்கத் தொடங்கினார். நானும் ஸ்டீபனும் இருபுறமும் நடை வேகத்தில் போனோம். கரையில் காற்று இல்லை. நீர் அசையவில்லை. எல்லாம் நன்றாகவே போயிற்று, பாதையின் வாயில் வரும்வரை.

அந்த வாயிலை நீ அறிவாய். ஒவ்வொரு முறையும் மணியடித்துக்கொண்டு முதலில் நுழைகிறவன் நீயே அல்லவா? மோட்டார் சைக்கிள்கள் வரக்கூடாது என்று இரண்டு இரும்புத் தூண்கள். நடுவே ஒரு சைக்கிள் மட்டும் நுழையும் இடைவெளி. பார்வதியின் முன்சக்கரம் நுழைந்தது. பின் அச்சு இரண்டு தூணிலும் முட்டி நின்றது. சாய்ந்து விழக்கூடாது என்று நீ அன்பாக அகலப்படுத்திய அதே அச்சு. பக்கத்தில் அகலமான கதவு ஒன்று இருந்தது. சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. பூட்டு துருவேறிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று எந்தப் பலகையிலும் இல்லை.

ஞாயிறுதோறும் நுழைந்தவன், தினமும் சுத்தியல் தட்டியவன், ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த இடைவெளியில் கையை விரித்துப் பார்த்திருக்கக் கூடாதா? வேதனையைவிட எனக்கு அப்போது கோபமே பெரிதாக வந்தது. தூணை உதைத்தேன். எழுபதைக் கடந்தவன், தினமும் திருமுன்பில் பாடுகிறவன், பொது இடத்தில் இரும்புத் தூணை உதைத்தேன். கால்தான் வலித்தது.

"பிரதர், தூணுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்றார் ஸ்டீபன். பிறகு பார்வதியிடம், "சிஸ்டர், நீங்க மெதுவா இறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க. நாங்க வண்டியத் தூக்கிப் போட்டுடுறோம். வேணும்னா உங்களையும்…"

"தூக்காதீங்க." பார்வதி குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரில தூக்குனாங்க. கட்டில்ல தூக்குனாங்க. பாத்ரூம்ல தூக்குனாங்க. இங்கயுமா? இந்த வண்டில ஏறினா என்னை யாரும் தூக்கவேணாம்னுதானே அவரு செஞ்சாரு. தூக்கித்தான் போகணும்னா அக்கரை எனக்கு வேணாம்."

பிறகு மெதுவாக வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர் சொன்னார்: "நான் லோரிகிட்ட இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

எத்தனையோ ஆண்டுகளாகக் காதில் விழுந்த வாக்கியம். அன்றுதான் எனக்குக் கேட்டது. அதில் வருத்தம் இருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். வருத்தம் இல்லை, பழக்கம் இருந்தது.

அப்போது பின்னால் ஹாரன் அடித்தது. ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் நம் தமிழ்ப் பெண்மணி, நடுவயது. இருபுறமும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் நிறைந்த கூடைகள்.

"அங்கிள், வழில நின்னுக்கிட்டு என்ன பிரார்த்தனை? தள்ளுங்க, பசியாற ஆளுங்க காத்திருக்காங்க!"

தடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிளே தடுக்கப்பட்ட வாயிலில் நின்று என்னைத் தள்ளச் சொன்னது. அன்றைய நாளுக்கு அது ஒன்றுதான் குறையாக இருந்தது. "இது சைக்கிள் பாதைம்மா. மோட்டாருக்கு இல்ல. பலகையில் எழுதியிருக்கு, படிக்கலயா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் பலகையைப் பார்க்கவில்லை. பார்வதியின் வண்டியைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார். "ஐயோ, ஆன்டி வண்டி போகலயா? இந்த வாசல்ல யார் போவா? என் பின்னாடி வாங்க" என்று சொல்லிவிட்டு, வாயிலை விட்டு விலகி வேலி ஓரமாகவே லாலான் புல்லுக்குள் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் வேலி அகலமாக வெட்டப்பட்டிருந்தது. மண் இறுகி வழவழவென்று ஒரு பாதை. இத்தனை காலம் நடைபாதையில் மோட்டார்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று நான் சபித்தேனே, அவை முளைத்த இடம் அதுதான். வல்லவனைத் தடுக்க வைத்த வாயில் எளியவளை நிறுத்திவிட்டது. வல்லவனோ வேலியையே வெட்டி வழி செய்துகொண்டான். அந்த வழியாகத்தான் எங்களுக்கும் போகவேண்டியிருந்தது. முறை தவறிய வழி என்று என் மனம் முணுமுணுத்தது. பார்வதிக்கு என் அனுமதியைக் கேட்கும் பொறுமை இல்லை. அவர் ஏற்கெனவே புல்லுக்குள் இறங்கிவிட்டார்.

ஒரு பக்கச் சக்கரம் வேலிக் கம்பியில் உரசியது. "தள்ளாதீங்க!" என்றார், நாங்கள் தொடுவதற்கு முன்பே. கொஞ்சம் பின்னே போய், மீண்டும் வந்து, மூன்றாம் முறை நுழைந்துவிட்டார். அப்பெண்மணி அந்தப் பக்கம் நின்று, "அப்படித்தான் ஆன்டி, லெஃப்ட் லெஃப்ட், ஓகே, லுலுஸ்!" என்றார். ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களுக்குச் சொல்லும் சொல். ஸ்டீபன் கைதட்டினார்.

அக்கரை சேர வெகுநேரமாயிற்று. பார்வதி நிற்கும் இடமெல்லாம் நின்றோம். வெயில் ஏறியது. வழக்கமாக வெயிலுக்கு முன்பே வீடு திரும்பவேண்டும் என்று கூட்டத்தை விரட்டுகிறவன் நான். அன்று யாரையும் விரட்டவில்லை.

மழைமரத்தடியில் வந்து அவர் தோல்வாரை அவிழ்த்தார். ஏரியைப் பார்த்தார். எதிர்க்கரையில் உன் லோரி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. இத்தனை காலம் தான் உட்கார்ந்திருந்த இடத்தை அவர் முதல் முறையாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதேனும் உருக்கமாகச் சொல்வார், அதைத் தாங்கவேண்டும் என்று என்னைத் தயார் செய்துகொண்டேன்.

"ஒரு பெஞ்சு கூட இல்ல" என்றார் பார்வதி. "இதுக்கா இத்தன வருஷம் இந்தப் பெருமை? கட்டெறும்பு வேற." பிறகு கோபம் பொங்கியது, எனக்கு வந்த அதே கோபம். "வாயத் தொறந்தா எல்லாரும் வரலாம், எல்லாரும் வரலாம். ஒரு நாளாவது அந்த வாசல அளந்தாரா அண்ணே? வண்டிய அளந்தாரு, என் கால அளந்தாரு, வாசல யாரு அளக்கிறது? செத்துப்போனவரை எங்க போயித் திட்டுறது?"

"இங்கயே திட்டலாம்மா. நான் தினமும் திட்டுறேன்."

திட்டினோம். இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, முறை போட்டுத் திட்டினோம். ஸ்டீபன் தாமரை இலைகளைச் சுட்டிக்காட்டித் தன் பங்கைச் சொன்னார். உன்னை இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக இதற்குமுன் திட்டியதில்லை. பார்வதி சிரித்தார், தின்றார், நடுவே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். பிறகு தேநீரை ஊற்றினார். குடுவையை அக்கரையில் திறப்பது அதுவே முதல் முறை.

திரும்பும்போது லோரியில் அவர் சொன்னது இது: "அண்ணே, அடுத்த தடவை என்னைக் கூப்பிடறதுக்கு முந்தி அளந்துட்டுக் கூப்பிடுங்க. வேலி வெட்டுன எடமெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்காது."

மறுவாரம் ஸ்டீபன் தன் வீட்டுக் கொல்லையில் கிடந்த வெள்ளைத் தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்து வந்து, பார்வதியின் பின் அச்சோடு வைத்து அளந்து, அதே நீளத்துக்கு அறுத்துக் கொடுத்தார். அதை நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறேன். எந்தப் பாதையைக் கூட்டத்துக்குச் சொல்வதானாலும் முந்தின நாளே தனியாகப் போய், வாயிலுக்கு வாயில் இறங்கி, அந்தக் கோலைக் குறுக்கே வைத்துப் பார்க்கிறேன். தேநீர்க் கடையில் கேலிக்குக் குறைவில்லை. "சாமி கோமணம் கட்டாத குறைதான், தண்டம் வந்துருச்சு" என்கிறார்கள். ஸ்டீபனும் விடவில்லை: "எங்க வேதத்துல ஒருத்தர் கோல நீட்டுனதும் கடலே வழி விட்டுச்சு பிரதர். உங்க கோலுக்கு ஒரு வாசலாவது திறக்குதான்னு பார்ப்போம்."

பெரும்பாலும் திறப்பதில்லை. நேற்றுக் கிள்ளான் ஆற்றோரத்துக்குப் போனேன். முதல் வாயிலில் கோல் படுத்தபடியே நுழைந்தது; தனியாக நின்று ஒரு பதிகம் பாடலாம் போல் இருந்தது. இரண்டாம் வாயிலில் இடித்தது. ஒரு விரல் அகலம். அதற்கு மேல் இல்லை. அங்கேயே நின்று உன்னைப் பெயர் சொல்லித் திட்டினேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார். கைப்பேசி அடித்தது.

"என்னண்ணே, நுழையுதா?"

"இல்லம்மா. ஒரு விரல் இடிக்குது."

பின்னணியில் கார் நிறுத்தும் இடத்தின் எதிரொலியும் சக்கரத்தின் கிறீச்சொலியும் கேட்டன. சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே பேசினார் போலும்.

"சரி. அந்தப் பக்கம் இன்னொரு பாலம் இருக்குல்ல, அங்க போயிப் பாருங்க."

வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. பசியும் வந்திருந்தது. கோலை மறுபடி சைக்கிளில் கட்டிக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டே, அந்தப் பாலத்துக்கு மிதித்தேன்.